நாய் விழுங்கிய மாங்கொட்டை... 2 நாள் வாந்தியை அலட்சியப்படுத்தினால் உயிருக்கே ஆபத்து!

மாம்பழ சீசன் வந்துவிட்டால் குழந்தைகளுக்கு மட்டுமல்ல, வீட்டு நாய்க்கும் கொண்டாட்டம்தான். செந்தூரமோ பங்கனப்பள்ளியோ, சதையை எல்லாம் சாப்பிட்டுவிட்டு கொட்டையை "இந்தாடா" என்று வாசலில் போடுவது பல வீடுகளில் வழக்கம். நாயும் முன்னங்கால் ரெண்டாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நக்கு நக்கென்று நக்கும். பார்க்க ஜாலியாகத்தான் இருக்கும்.

அந்த நேரம் பார்த்து தெரு நாய் ஒன்று எட்டிப் பார்த்தாலோ, "டேய் போதும், குடு" என்று யாராவது கையை நீட்டினாலோ வந்தது வினை. கிடைத்ததை விட்டுவிடக் கூடாதே என்று கொட்டையை அப்படியே விழுங்கிவிடும். வழுவழுப்பாக இருக்கும் கொட்டை தொண்டையில் இறங்க ஒரு நொடி போதும்.

அன்று ராத்திரி நாய் நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் காலையில் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய் மூலையில் படுத்துக்கொள்ளும். மதியம் ஒரு வாந்தி. சாயங்காலம் இன்னொன்று.

"என்னங்க, டாமி ரெண்டு நாளா சாப்பிடவே மாட்டேங்குது, மஞ்சளா வாந்தி எடுக்குது."

"புல்லைத் தின்னுருக்கும். நாளைக்கு சரியாயிடும் விடு."

பல வீடுகளில் நடக்கும் பேச்சு இதுதான். இந்த "நாளைக்கு" என்ற ஒரு வார்த்தைதான் நாயின் உயிருக்கு உலை வைக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

நாயின் இரைப்பை பெரியது, நன்றாக விரிந்து கொடுக்கும். அதனால் மாங்கொட்டை, சாக்ஸ், பந்து எதுவானாலும் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். இரைப்பையில் இருந்து குடலுக்குப் போகும் வாசல்தான் ரொம்பக் குறுகல். அதைத் தாண்டினால் சிறுகுடலும் குறுகல். பெரிய அறைக்குள் நுழைந்த பீரோ, பக்கத்து சந்துக்குள் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்வது போலத்தான்.

மாங்கொட்டையின் ஓடு நாயின் வயிற்றில் செரிக்காது. சில நாய்களுக்கு அது இரைப்பையிலேயே நாள் கணக்கில், வாரக் கணக்கில்கூட கிடக்கும். உருண்டு வந்து வாசலை அடைக்கும்போது வாந்தி வரும். விலகிக்கொண்டால் நாய் மறுபடி வாலை ஆட்டிக்கொண்டு சாப்பிடும். "சரியாயிடுச்சு" என்று வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைவார்கள். நாலு நாள் கழித்து மறுபடி வாந்தி. இப்படி விட்டு விட்டு வாந்தி எடுக்கும் நாய்க்கு பூச்சி மருந்து, வயிற்றுப்புண் மருந்து என்று மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். காரணம் போன மாதம் சாப்பிட்ட மாம்பழம் என்று யாருக்குத் தோன்றும்?

கொட்டை குடலுக்குள் இறங்கி இறுகிவிட்டால் கதையே வேறு. அடைப்புக்கு மேலே ஜீரண நீரும் வாயுவும் சேர்ந்துகொண்டே போகும். குடல் ஊதும். நாய் எடுக்கிற ஒவ்வொரு வாந்தியிலும் உடம்பில் உள்ள தண்ணீரும் உப்புச்சத்தும் வெளியே போகும். குடித்த தண்ணீரும் தங்காது.

இன்னொரு பக்கம், கொட்டை அழுத்துகிற இடத்தில் குடல் சுவருக்கு ரத்த ஓட்டம் குறையும். விரலில் நூலை இறுக்கிக் கட்டினால் விரல் நீலம் பாரிப்பதுபோல குடல் நிறம் மாறும். பிறகு கருத்து, அழுகி, ஓட்டை விழும். உள்ளே இருக்கும் அசுத்தம் எல்லாம் வயிற்றுக்குள் கொட்டினால் உடம்பு முழுக்க விஷம் பரவிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு பெரிய டாக்டர் ஆபரேஷன் செய்தாலும் பாதி நம்பிக்கைதான்.

ஏன் இப்படி விழுங்குகிறது?

"இவ்வளவு சோறு போடுறோம், போயும் போயும் சாக்சைத் தின்னுதே" என்று தலையில் அடித்துக்கொள்பவர்கள் உண்டு. நாயின் பல் அமைப்பே அப்படி. மாடு போல தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அரைத்துத் தின்ன அதற்கு வராது. கடித்துக் கிழிக்கும், நறுக்கும், விழுங்கும். அவ்வளவுதான்.

குட்டிகளுக்கு இன்னொரு காரணம் உண்டு. 28 பால் பற்கள் விழுந்து 42 பெரிய பற்கள் முளைக்கிற காலம் அது. ஏறத்தாழ 4-வது மாதத்தில் தொடங்கி 6, 7 மாதம் வரை ஈறு நமநமவென்று இருக்கும். செருப்பு, ரிமோட், மிதியடி என எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். கடிப்பதில் பாதி வயிற்றுக்குள் போகும்.

லேப்ரடார் நாய்கள் இதில் தனி ரகம். எவ்வளவு போட்டாலும் பசி, பசி என்று சுற்றும். இதற்கு மரபணுவிலேயே காரணம் இருக்கிறது என்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2016-ம் ஆண்டு கண்டுபிடித்தனர். பசியைக் கட்டுப்படுத்த உதவும் ஒரு மரபணுவில், ஏறத்தாழ 4 லேப்ரடாரில் ஒன்றுக்கு ஒரு துண்டு விடுபட்டுப் போயிருக்கிறதாம். ஆக, "பட்டினி போட்ட மாதிரி அலையுது" என்று அதைத் திட்டிப் பயனில்லை.

குடற்புழு, ரத்தசோகை போன்ற கோளாறு இருந்தாலும் சில நாய்கள் மண், கல், துணி என்று தின்னும். நாள் முழுக்க மொட்டை மாடியில் கட்டிப்போட்ட நாய் பொழுது போகாமலேயே கயிற்றைத் தின்னும். சாக்ஸ், உள்ளாடை மீது அதற்கு இருக்கும் மோகத்துக்குக் காரணம் வியர்வை வாசனை. எஜமானின் வாசனை என்றால் அதற்குப் பிரியாணி வாசனை மாதிரி!

அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் 2014-ம் ஆண்டு கிரேட் டேன் நாய் ஒன்று வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தது. எக்ஸ்ரே எடுத்தபோது வயிறு முழுக்க ஏதோ துணி. ஆபரேஷன் செய்த டாக்டர்கள் எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்ததாம். கடைசியில் எண்ணிப் பார்த்தால் மொத்தம் 43½ சாக்ஸ். நாய் பிழைத்துக்கொண்டது. அந்த அரை சாக்சுக்கு மீதிப் பாதி எங்கே போனது என்பதுதான் சிரிப்பு.

நூல்தான் எமன்

மாங்கொட்டையைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. நூல்!

ஓட்டலில் சாம்பார் பார்சல் கட்டுகிற நூல், பூ கட்டுகிற நூல், தையல் மிஷின் நூல், பட்டம் விடுகிற நூல். பார்க்க சாதாரணமாக இருக்கும். குருமா வாசனையோடு குப்பையில் கிடக்கும் பார்சல் நூலை நாய் கவரோடு சேர்த்து விழுங்கிவிடும். நூலின் ஒரு முனை நாக்குக்கு அடியிலோ இரைப்பை வாசலிலோ மாட்டிக்கொள்ளும். மறுமுனையை குடல் தன் போக்கில் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். முனை வராது, குடல்தான் நூல் மேல் ஏறி ஏறி வரும். பாவாடை நாடாவை இழுத்தால் துணி எப்படிச் சுருக்கம் சுருக்கமாகக் கூடுகிறதோ, அப்படி குடல் சுருங்கி மடிப்பு மடிப்பாகிவிடும். இறுகிய நூல் குடலை உள்பக்கம் இருந்து ரம்பம் போல அறுக்கும். ஒரு இடத்தில் அல்ல, பல இடங்களில் ஓட்டை விழலாம்.

இதில் வீட்டுக்காரர்கள் செய்யும் பெரிய தப்பு, வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்ததும் பிடித்து இழுப்பது. இழுத்தால் உள்ளே குடல் அறுந்துவிடும். வெளியே தொங்கினால் அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தூண்டில் முள்ளை விழுங்கிய நாய்க்கும் இதே கதைதான். நரம்பைப் பிடித்து இழுக்கவும் கூடாது, வாயோடு ஒட்ட வெட்டிவிடவும் கூடாது. அந்த நரம்பு டாக்டருக்குத் தேவைப்படும்.

எலும்பு விஷயத்திலும் கவனம் வேண்டும். வேகவைத்த கோழி எலும்பு கடித்தால் ஈட்டி போல கூராக உடையும். தொண்டைக்கும் இரைப்பைக்கும் இடையே உணவுக்குழாயில் குத்தி நின்றால் நாய் எச்சில் ஒழுகவிட்டு, கழுத்தை நீட்டி நீட்டி முழுங்கிக்கொண்டே இருக்கும். நல்லி எலும்பு வளையம் கீழ்த்தாடையில் மோதிரம் மாதிரி மாட்டிக்கொள்வதும் உண்டு. சிரிப்பாக இருக்கும், ஆனால் தாடை வீங்கிவிட்டால் எலும்பை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

கடிகாரம், ரிமோட்டில் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கினால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது. உணவுக்குழாயில் மாட்டினால் ஓரிரு மணி நேரத்திலேயே சதையைப் பொசுக்க ஆரம்பித்துவிடும்.

பாட்டி வைத்தியம் வேண்டாம்

நாய் எதையோ விழுங்கிவிட்டது என்று தெரிந்ததும் பல வீடுகளில் முதலில் கரைப்பது உப்புத் தண்ணீர். "குடிச்சா வாந்தி வந்துரும்" என்பார்கள். அதிக உப்பு நாயின் ரத்தத்தில் ஏறினால் வலிப்பு வந்து அதுவே உயிரைக் குடித்துவிடும். விளக்கெண்ணெய் ஊற்றினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்பதும் நம்பிக்கைதான். வாந்தி எடுக்கும் நாய்க்கு வலுக்கட்டாயமாக எண்ணெய் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். ஆக, இருந்த ஒரு தொல்லை இரண்டாகிவிடும்.

ஊசி, பிளேடு, உடைந்த கண்ணாடி போன்ற கூரான பொருளை விழுங்கிய நாயை வாந்தி எடுக்க வைத்தால், போகும்போது கிழிக்காதது வரும்போது கிழிக்கும். பேட்டரி, ஆசிட் வகைகளுக்கும் வாந்தி கூடாது.

மெடிக்கல் ஷாப்பில் மனிதர்களுக்கான வாந்தி மாத்திரையை வாங்கிக் கொடுப்பது இன்னொரு தப்பு. வாந்தி நின்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. சில வாந்தி மருந்துகள் குடலை வேகமாக அசைய வைப்பவை. அடைப்பு இருக்கும் குடலுக்கு அது ஆபத்து. வலிக்கிறதே என்று நம் வலி மாத்திரையைக் கொடுத்தால் நாயின் இரைப்பையும் கிட்னியும் பாதிக்கப்படும்.

விழுங்கிய உடனே, அதாவது பொருள் இன்னும் இரைப்பையில் இருக்கும்போதே டாக்டரிடம் போனால் வேலை சுலபம். கூர் இல்லாத பொருள் என்றால் அவரே ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பார். வசதி உள்ள ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோபி குழாயை வாய் வழியாக விட்டு, கத்தியே வைக்காமல் வெளியே எடுத்துவிடுவார்கள். குடலுக்குள் இறங்கிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

எப்போது காத்திருக்கலாம், எப்போது கூடாது?

விழுங்குகிற எல்லாவற்றுக்கும் வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. புளியங்கொட்டை அளவுக்குச் சின்னதாக, வழுவழுப்பாக இருக்கும் பொருள் ஓரிரு நாளில் மலத்தோடு வந்துவிடும். நாய் வழக்கம்போல் சாப்பிட்டு, ஓடி ஆடிக்கொண்டிருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மலத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அருவருப்பான வேலைதான், வேறு வழியில்லை.

திரும்பத் திரும்ப வாந்தி, குடித்த தண்ணீரும் வெளியே வருவது, சோர்ந்து படுப்பது, வயிற்றைத் தொட்டால் விறைத்துக்கொள்வது அல்லது உறுமுவது, மலம் வராமல் முக்குவது... இதில் இரண்டு சேர்ந்தாலே கிளம்பிவிட வேண்டும். சில நாய்கள் சாமி கும்பிடுவதுபோல முன்பக்கத்தைத் தரையில் தாழ்த்தி, பின்பக்கத்தை மட்டும் தூக்கி நிற்கும். வயிற்று வலி தாங்காமல்தான் அப்படி நிற்கிறது. கொஞ்சம் கழிச்சல் போகிறதே, அடைப்பு இருக்காது என்றும் நினைக்கக் கூடாது. பாதி அடைப்பில் கழிச்சலும் வரும்.

உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்தோ, காய்ந்து பிசுபிசுப்பாகவோ இருந்தால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம்.

பெரிய ஜாதி நாய் எதுவும் வெளியே வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்து, வயிறும் தவில் மாதிரி உப்பினால் அது இரைப்பை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். இதில் நாள் கணக்கு கிடையாது, மணிக் கணக்குதான். ராத்திரி 2 மணி ஆனாலும் கிளம்ப வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரியில்...

சென்னையில் வேப்பேரி என்றாலே நாய் வளர்ப்பவர்களுக்கு ஞாபகம் வருவது கால்நடை ஆஸ்பத்திரிதான். 1903-ம் ஆண்டு தொடங்கிய மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது அது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் ஆஸ்பத்திரி உண்டு.

டாக்டர் முதலில் கேட்கும் கேள்வி, "எதையாவது முழுங்கிச்சா?" என்பதுதான். வரும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "சேச்சே, எங்க நாய் வெளிய எதையும் தொடாது சார். வீட்டுச் சாப்பாடு மட்டும்தான்." நாய் சொல்லாது, வீட்டுக்காரரும் சொல்லவில்லை என்றால் டாக்டர் என்ன செய்வார்? வயிற்றைத் தடவிப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, ஸ்கேன் எடுத்துத் தேட வேண்டியதுதான். காசு, ஆணி, எலும்பு எல்லாம் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். துணி, பிளாஸ்டிக், ரப்பர் பெரும்பாலும் அப்படித் தெரியாது. குடலில் வாயு தேங்கி நிற்பதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். பேரியம் என்ற வெள்ளை மருந்தைக் குடிக்க வைத்து, அது எங்கே போய் நிற்கிறது என்றும் பார்ப்பார்கள். இதற்குள் அரை நாள் ஓடிவிடும். "மாங்கொட்டை சார், முந்தாநாள்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த அரை நாள் மிச்சம்.

இதே வேப்பேரியில் 2019-ம் ஆண்டு ஒரு பசு மாட்டின் வயிற்றில் இருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை டாக்டர்கள் ஆபரேஷன் செய்து எடுத்தது பலருக்கு நினைவிருக்கலாம். மாட்டுக்கு அத்தனையையும் தாங்குகிற அளவுக்குப் பெரிய வயிறு. நாயைக் கவிழ்க்க ஒரே ஒரு கொட்டை போதும்.

பொருள் இரைப்பையில் இருந்தால் ஆபரேஷன் ஓரளவு எளிது. குடலில் இருந்து, குடலும் நல்ல நிறத்தோடு இருந்தால் சின்னதாகக் கீறி எடுத்துத் தைத்துவிடுவார்கள். குடல் கருத்துப் போயிருந்தால் அந்தத் துண்டையே வெட்டி எடுத்துவிட்டு இரு முனைகளையும் சேர்த்துத் தைக்க வேண்டும். வெட்டித் தைத்த இடம் கசிந்துவிடக் கூடாது என்பதுதான் பெரிய கவலை. ஆபரேஷன் முடிந்த 3-வது நாளில் இருந்து 5-வது நாள் வரை கண்டம் என்றே சொல்லலாம். எழுந்து நடந்த நாய் திடீரென்று மறுபடி சோர்ந்தால், காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே திரும்பப் போக வேண்டும். "பாவம், நாலு நாளா பட்டினி" என்று வீட்டில் ஆட்டுக்கறி ஆக்கிப் போட்டுவிடக் கூடாது. டாக்டர் சொல்கிற குழைந்த சாப்பாடுதான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. தையலை நக்காமல் இருக்க கழுத்தில் மாட்டும் புனலை, பரிதாபப்பட்டுக் கழற்றிவிடுவதும் பல வீடுகளில் நடக்கிறது.

செலவு விஷயமும் இருக்கிறது. கூலி வேலைக்குப் போகிற வீட்டில் ஒரு நாள் லீவு போட்டு, நாயை ஏற்றச் சம்மதிக்கிற ஆட்டோவைத் தேடிப் பிடித்துப் போவதே பெரும்பாடு. அதனால்தான் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் முதல் நாள் போனால் ஒரு ஊசியோடு முடியலாம். 4-வது நாள் போனால் குளுக்கோஸ், ஸ்கேன், ஆபரேஷன், ஒரு வாரம் அலைச்சல் என்று நீளும். தனியார் கிளினிக் என்றால் கேட்கவே வேண்டாம்.

துரத்தாதீங்க!

வீட்டில் செய்யக்கூடியது பெரிய விஷயம் எதுவும் இல்லை. குப்பைத் தொட்டிக்கு மூடி. மாங்கொட்டையும் பார்சல் நூலும் நேராக அதற்குள். பந்து வாங்கினால் நாயின் வாய்க்குள் முழுசாகப் போகாத அளவில் வாங்க வேண்டும். குட்டியாக இருக்கும்போது வாங்கிய பந்து, வளர்ந்த பிறகு ஒரே வாயில் உள்ளே போய்விடும். அதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

நாய் எதையாவது கவ்விக்கொண்டு ஓடினால் வீடே கத்திக்கொண்டு பின்னால் ஓடுவதுதான் வழக்கம். அதற்கு ரெண்டு அர்த்தம்தான் தெரியும். ஒன்று, விளையாட்டு. இன்னொன்று, பிடுங்க வருகிறார்கள், சீக்கிரம் விழுங்கு! துரத்தாமல், ஒரு பிஸ்கட்டையோ கருவாட்டுத் துண்டையோ காட்டி "விடு" என்று சொல்லிப் பழக்கினால், வாயில் இருப்பதைத் தானே கீழே போட்டுவிட்டு வரும். குட்டியிலேயே பழக்குவது சுலபம்.

அப்படியும் விழுங்கிவிட்டால், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வெறும் கையோடு போக வேண்டாம். கடித்துப் போட்ட மிச்சத் துண்டு, பேட்டரி என்றால் அதே மாதிரி இன்னொரு பேட்டரி, மாங்கொட்டை என்றால் அதே அளவில் வேறொரு கொட்டை. சாக்ஸ் ஜோடியில் ஒன்றுதான் வீட்டில் இருக்கிறதா? அந்த ஒன்றை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். உள்ளே எதைத் தேட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.